காலடியில் வைத்த பெயர்

தனலெட்சுமிக்கு வாயைவிடக் கை வேகம். செனாவாங் தொழிற்பேட்டையில் அவளோடு இருபத்தொரு வருடம் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நன்றாகப் படம் பிடிப்பாள் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். இடுப்பில் கை வைத்த சூப்பர்வைசரின் மூக்கை அவள் உடைத்தாள். உடைந்த மூக்கோடு அவன் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவள் அதே விளக்குக்கு அடியில் உட்கார்ந்து மின்தகடுகளில் குறை தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கதை இன்றைக்கும் தொழிற்சாலைக் கேண்டீனில் மீ கோரெங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கிடைக்கும்.

அந்தக் கை பழகிய இடம் புக்கிட் செரெய் தோட்டம். அப்பா ஆறுமுகம் சம்சுச் சாராயம் குடித்துவிட்டு வந்து அம்மாவைப் பெல்ட்டால் விளாசுவார். லயத்தில் இருபது வீடுகள். சத்தம் இருபது வீட்டுக்கும் கேட்கும், ஒரு கதவும் திறக்காது. தனலெட்சுமிக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவின் வாயிலிருந்து ரத்தத்தோடு பல்லும் வந்து விழுந்தது. தம்பி சன்னாசி மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். இவள் அடுப்படியில் கிடந்த விறகுக்கட்டையை எடுத்து அப்பாவின் மணிக்கட்டில் ஒரே போடாகப் போட்டாள். எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு ஆறுமுகம் பதினோரு வருடம் உயிரோடிருந்தார்; ஒருநாளும் கையை ஓங்கவில்லை. அடித்தால்தான் அடங்கும் என்று அவள் அன்றைக்குப் படித்துக்கொண்டாள். பாவம், வேறு பாடம் சொல்லிக்கொடுக்க அங்கே யார் இருந்தார்கள்?

சன்னாசி நேர் எதிர். மூன்று வயது இளையவன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். செனாவாங் தாமான் குடியிருப்புகளிலிருந்து பதின்மூன்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்கி, மதியம் திரும்பக் கொண்டுவந்து விடுவான். தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டேன் என்று ஒரு பிள்ளை அழுதால் பாதி வழியில் வேனைத் திருப்புகிற ஆள். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "எனக்குத்தான் பதிமூணு பிள்ளைங்க இருக்கே" என்பான். வீட்டில் கோழி அறுத்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். அப்படிப்பட்டவன்மேல்தான் வருடத்தில் ஒரு நாள் முனியாண்டி இறங்குவார். சாமிக்கு ஆள் பார்த்து எடுக்கத் தெரியவில்லை என்று தனலெட்சுமியே கேலி பண்ணுவாள். ஆனால் அந்தத் தம்பியை வேறு யாராவது கேலி பண்ணினால் தீர்ந்தது.

தோட்டம் இப்போது முழுக்கச் செம்பனை. லயங்களை இடித்துத் தள்ளி வெகுகாலம் ஆகிவிட்டது. சனங்கள் செனாவாங்குக்கும் லோபாக்குக்கும் குடிபோய்விட்டார்கள். முனியாண்டி கோயில் மட்டும் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. திருவிழாவன்று எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். உறுமிச் சத்தம் ஏறும்போது சன்னாசியின் உடம்பு வில்லாக வளையும். சாட்டையைப் பிடுங்கித் தன் முதுகிலேயே விளாசிக்கொள்வான்; தோல் பிய்ந்து ரத்தம் கோடு கோடாக எழும். அருவாள்மேல் ஏறி நிற்பான். சேவலைப் பிடித்துக் கழுத்தை வாயாலேயே கடித்துத் துண்டாக்குவான். முகமும் நெஞ்சும் ரத்தக்காடாகிவிடும். அந்தக் கோலத்தில்தான் நோய்ப்பட்ட பிள்ளைகளை அவன் கையில் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால் கொடுத்ததுதான். சாமியே பார்த்துத் திருப்பித் தருகிறவரை பெற்றவளுக்கு அந்தப் பிள்ளைமேல் பாத்தியதை கிடையாது. திருநீறு ஊதித் திருப்பித் தந்த பிறகு அது முனியாண்டியின் பிள்ளை, நோய் அண்டாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் வள்ளியம்மா தன் குழந்தையை அப்படிக் கொடுத்தாள். பத்து மாதப் பெண் குழந்தை, அடிக்கடி வலிப்பு வரும். தனலெட்சுமி செம்மண்ணில் முழங்கால் போட்டு அந்தப் படத்தை எடுத்தாள். ஓங்கிய வலது கையில் அருவாள், இடது கையில் வீறிட்டு அழும் குழந்தை, உதட்டிலிருந்து தாடை வழியாகச் சொட்டும் ரத்தம், நேராக நம்மையே பார்க்கும் இரண்டு கண்கள். மறுநாள் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எடுத்தவளுக்கே உடம்பு சிலிர்த்தது. ஒரு முழம் தள்ளிக் கை கூப்பிக்கொண்டு வள்ளியம்மா நின்றாள். அவள் படத்தில் விழவில்லை.

ஒன்பது வருடம் ஷிப்டு முடிந்த நேரத்திலும் லீவு நாளிலும் எடுத்த தோட்டத்துத் திருவிழாப் படங்களைப் புத்தகமாகப் போட வேண்டுமென்று தனலெட்சுமிக்கு ஆசை. லோபாக்கில் கடைவரிசை மாடியில் அச்சகம் வைத்திருக்கும் நஸ்ருதீனிடம் போனாள். கல்யாணப் பத்திரிகையும் பள்ளி மலரும் அடித்துக்கொண்டிருந்தவர் இப்போது புத்தகமும் போட்டு இணையத்தில் விற்கிறார். நிதானமான மனிதர். அவர் சொன்னதை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு வேலையில்லை.

"தங்கச்சி, இப்ப யாரும் கடைக்கு வந்து பொரட்டிப் பாத்து வாங்குறதில்ல. இருபது பக்கத்தை இணையத்துல சும்மா பாக்க விடணும். பிடிச்சாத்தான் வாங்குவாங்க."

"பாக்குறவன் படத்தைச் சுட்டுட்டுப் போனா?"

"போகத்தான் செய்வான். கம்ப்யூட்டர்ல சேவ் பண்ண முடியாம பூட்டிருவேன். ஹேண்ட்போன்ல ஸ்கிரீன்ஷாட் அடிக்கிறவனை நான் என்னா பண்ண? அதனால நல்ல படத்தை அந்த இருபது பக்கத்துல வைக்கக் கூடாது. வச்சா சின்னதா, மங்கலா வைக்கணும். இல்லன்னா குறுக்க, மூஞ்சி மேலயே உங்க பேரை அடிக்கணும். ஓரத்துல போட்டீங்க, வெட்டி எறிஞ்சிருவான்."

"ஒம்பது வருசத்துல நான் எடுத்த படம்னா இது ஒண்ணுதான் பாய். இதைப் பூட்டி வச்சிட்டு மத்ததைக் காட்டவா? இதுதான் முன்னுக்கு வரணும். மங்கலா எல்லாம் வேணாம்லா."

தலைக்கனம்தான், வேறென்ன. இருபத்தொரு வருடம் பிறர் செய்த தகட்டில் குறை பார்த்தவளுக்குத் தான் செய்த ஒன்றைக் குறையில்லாமல் காட்ட வேண்டும் என்ற வெறி. நஸ்ருதீன் பெருமூச்சு விட்டுக்கொண்டு படத்தைத் திரையில் திறந்தார். அவளுடைய பெயரைச் சாம்பல் நிற எழுத்தில் குறுக்கே ஓட்டினார். எழுத்து சன்னாசியின் கண்கள்மேல் விழுந்தது. தனலெட்சுமி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"அழிங்க பாய்! மொதல்ல அழிங்க!"

"என்னாச்சு?"

"அது என் தம்பி மூஞ்சின்னு நெனைக்கிறீங்களா? அந்த நேரத்துல அது முனியாண்டி. சாமி கண்ணு மேல யாராச்சும் கிறுக்குவாங்களா?"

நஸ்ருதீன் பதறிப்போய் அழித்தார். அடுத்தவர் வணங்குகிற விஷயம். அதில் வாதாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "அப்ப எங்கதான் போடுறது, சொல்லுங்க" என்றார்.

"காலடியில போடுங்க. கோயிலுக்குப் படி கட்டிக் குடுத்தவங்க பேரை எங்க வெட்டுறாங்க? மிதிபடுற படியிலதான? என் பேரும் அங்கயே இருக்கட்டும்."

படத்தின் அடியில், சன்னாசியின் பாதத்துக்குக் கீழே, பொடி எழுத்தில் அவள் பெயர் ஏறியது. நோய்ப்பட்ட பிள்ளையைச் சாமி கையில் கொடுத்து வாங்கும் வழக்கத்தை விளக்கும் நான்கு வரிகள் எதிர்ப்பக்கத்தில் இருந்தன. கணினியில் பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து தெரியும். கைப்பேசியில் ஒவ்வொரு பக்கமாகத்தான் வரும். அதை அவர்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை. தொழிற்சாலைக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது; லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். மூன்று மணி டீ இடைவேளையில் தனலெட்சுமி எடுத்துப் பார்த்தபோது நாற்பது அழைப்புகள் தவறியிருந்தன. மேலே ஒரு வீடியோ வந்திருந்தது. இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அவள் லாக்கர் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

செண்டாயானில் புதிதாகக் கட்டிய தாமான். ஒரு சாப்பாட்டுக் கடை வாசல். நீலச் சட்டை போட்ட ஒருவன் தரையில் கிடக்கிறான். பத்துப் பதினைந்து பேர். ஒருவன் மோட்டார் ஹெல்மெட்டால் தலையில் அடிக்கிறான். இன்னொருவன் கடை நாற்காலியைத் தூக்கி முதுகில் போடுகிறான். நாற்காலிக் கால் உடைந்து தெறிக்கிறது. உடைந்த காலை எடுத்து வேறொருவன் குத்துகிறான். கீழே கிடப்பவன் கையைத் தூக்குகிறான். தூக்கிய கையைப் பூட்ஸ் காலால் மிதித்துத் தேய்க்கிறார்கள். "அங்கிளை அடிக்காதீங்க, அங்கிளை அடிக்காதீங்க" என்று ஒரு பிள்ளை கத்துகிறது. அந்தப் பிள்ளையை யாரோ காப்பாற்றுகிறமாதிரி தூக்கிக்கொண்டு போகிறார்கள். பிறகு ஒருவன் குனிந்து, கிடப்பவனின் தலைமயிரைப் பிடித்து முகத்தை நிமிர்த்தி, தன் கைப்பேசியைப் பக்கத்தில் வைத்து ஒப்புப் பார்க்கிறான். "சாமா! சாமா!" என்று மலாயில் கூவுகிறான். அதேதான், அதேதான். மறுபடியும் அடி விழுகிறது.

அந்த நீலச் சட்டையை அவள்தான் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்திருந்தாள். அந்தக் கைப்பேசியில் இருந்த படத்தையும் அவள்தான் எடுத்திருந்தாள்.

நடந்தது இதுதான். வேனில் வரும் ஒரு பையனின் தாய், அன்றைக்கு மட்டும் பிள்ளையைச் செண்டாயானில் தன் தங்கை வீட்டில் விடச் சொல்லியிருந்தாள். சன்னாசி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டு நம்பர் தேடி நடந்திருக்கிறான். அந்த வாரம் முழுக்க வாட்ஸாப்பில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. வாயெல்லாம் ரத்தம், ஒரு கையில் அருவாள், மறு கையில் அலறும் குழந்தை. படத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் மலாயிலும் தமிழிலும் வாசகம்: "பிள்ளை பிடிப்பவன். செனாவாங், செண்டாயான் பக்கம் வேனில் சுற்றுகிறான். கண்டால் விடாதீர்கள்." பாதத்துக்குக் கீழே இருந்த பெயரைக் காணோம். ஒட்ட வெட்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் சன்னாசியின் மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். நான்கு விலா எலும்பு, வலது கை, தாடையில் ஒரு விரிசல். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. உயிர் பிழைப்பானா என்பதை இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அந்த இரண்டு நாளும் தனலெட்சுமி சுவரோரம் உட்கார்ந்து குழாய்கள் நடுவே கிடந்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல் கை துடித்தது. எழுதியவன் எவன், எடுத்தவன் எவன், வெட்டியவன் எவன்? என் படம், என் தம்பி, என் கொழுப்பு என்று தன் தலையிலேயே இரண்டு தரம் குத்திக்கொண்டாள். நர்ஸ் வந்து வெளியே போகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் காலை அவன் பிழைத்துக்கொண்டான் என்று சொன்னார்கள். அவள் நேரே லோபாக்குக்குப் போனாள். நஸ்ருதீனின் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். மேசையில் இருந்த கணினித் திரையை இழுத்துத் தரையில் அடித்தாள். கண்ணாடி சிதறி அவருடைய புறங்கையைக் கிழித்தது. அவர் தடுக்கவில்லை.

"அன்னிக்கே ஏன் பாய் என் செவுட்டுல அறைஞ்சு சொல்லல? மூஞ்சி மேல பேரை அடிச்சே தீருவேன்னு ஏன் பிடிவாதம் பிடிக்கல?"

"நான் வியாபாரி தங்கச்சி. நீங்க சாமின்னு சொன்னீங்க, வாயை மூடிக்கிட்டேன்" என்றார் நஸ்ருதீன், ரத்தத்தைக் கைலியில் துடைத்துக்கொண்டே. "அந்த இருபது பக்கத்தையும் புதன்கிழமையே இறக்கிட்டேன். படம் எங்கெங்க கெடக்குதோ அங்கெல்லாம் எடுக்கச் சொல்லி எழுதிக்கிட்டு இருக்கேன். ஒண்ணை எடுக்குறான், பத்து எடத்துல மொளைக்குது. எங்க வீட்டுப் பொம்பளைங்க ஹேண்ட்போனுக்கே நேத்து வந்துருச்சு."

வள்ளியம்மாவும் தன்னால் ஆனதைச் செய்தாள். இப்போது நாலு வயதாகிற அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, 'இது என் பிள்ளை, நான்தான் சாமி கையில் குடுத்தேன், அவரைப்போல நல்லவர் இல்லை' என்று பேசி வீடியோ போட்டாள். அதை முந்நூறு பேர் பார்த்தார்கள். படம் லட்சக்கணக்கில் போய்க்கொண்டிருந்தது. உண்மையைப் பார்க்க மட்டும் யாருக்கும் அவசரமில்லை. போலீஸ் ஏழு பேரைப் பிடித்து உள்ளே வைத்திருந்தது. ஆனால் வேனில் வந்த பதின்மூன்று பிள்ளைகளில் ஒன்பது பேரின் பெற்றோர் வேறு வேன் பார்த்துக்கொண்டார்கள். "அவரு மேல சந்தேகம் இல்லக்கா, பிள்ளைங்கதான் பயப்படுதுங்க" என்றார்கள். சன்னாசிக்குப் பிள்ளைகளை விட்டால் வேறொன்றும் இல்லை. இந்தப் படம் பரவுவது நிற்காவிட்டால் அவன் எழுந்து நடந்தும் பிரயோசனமில்லை. கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வியே, "புள்ளைங்கள யாரு ஏத்திக்கிட்டுப் போறா?" என்பதுதான்.

தனலெட்சுமி சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்தாள். தொழிற்சாலையில் ஒரு தகடு கெட்டுப்போய் வந்தால் அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். எந்த மேசையிலிருந்து வந்தது, அதற்கு முன்னால் எந்த மெஷின் என்று பின்னாலேயே போவார்கள். குறை பிறந்த மெஷினைக் கண்டுபிடித்து நிறுத்துகிறவரை விடமாட்டார்கள். அவளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். 'உனக்கு யார் அனுப்பினது, அவனுக்கு யார் அனுப்பினது' என்று கேட்டுக்கொண்டு மோட்டாரில் கிளம்பிவிட்டாள். செனாவாங்கில் பூப்பந்து ஆடும் கூட்டம், அங்கிருந்து ஒரு லோரி டிரைவர், அவனிடமிருந்து ஒரு டியூஷன் டீச்சர். காட்ட மாட்டேன் என்று முரண்டு பிடித்த லோரி டிரைவரின் விரலைப் பின்னுக்கு மடக்கித்தான் கைப்பேசியைத் திறக்க வைத்தாள். அவன் வலியில் முட்டி போட்டுவிட்டான். அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு முடிதிருத்தும் கடையில் வந்து நூல் அறுந்தது. கடைக்காரருக்கு அனுப்பிய நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. ஆனால் கத்தரியை நிறுத்திவிட்டு அவர் இன்னொன்று சொன்னார்.

"இந்தப் படத்தை அதுக்கும் முந்தியே நான் பாத்திருக்கேன்லா. ரெண்டு மாசம் இருக்கும். லோபாக்ல ஹேண்ட்போன் கவர் விக்குமே ஒரு பொண்ணு, ஷாமினி, அதுதான் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்துச்சு."

அந்த ஸ்டேட்டஸில் சிவப்பு எழுத்து இருந்ததா இல்லையா என்று அவள் விசாரிக்கவில்லை. மெஷின் கிடைத்துவிட்டது. மோட்டாரை முறுக்கினாள்.

லோபாக் பாசார்ச் சந்தைக்குப் பக்கத்தில், கடைவரிசை வாசலோர ஐந்தடிப் பாதையில் போட்ட சின்னக் கடை. கம்பிச் சட்டத்தில் கலர் கலராகக் கவர்கள் தொங்கின. ஷாமினிக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். நெற்றியில் திருநீற்றுக் கீற்று. "வாங்கக்கா, எந்த மாடலுக்கு?" என்று சிரித்தாள். தனலெட்சுமி தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தன் கைப்பேசியில் இருந்த மூலப்படத்தை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தப் படத்தைப் புத்தகத்துலேர்ந்து எடுத்தது நீதானா?"

ஷாமினியின் முகம் மலர்ந்தது. "ஆமாக்கா! நான்தான்!"

அந்த மலர்ச்சிதான் தனலெட்சுமிக்கு வெறியைக் கிளப்பியது. என் தம்பி கண்ணைத் தோண்டிவிட்டு நின்று சிரிக்கிறாயா என்று தோன்றியது. ஹெல்மெட்டைச் சுழற்றி அடித்தாள். காதோடு சேர்த்து விழுந்தது. கம்பிச் சட்டம் சரிந்து கவர்கள் கொட்டின. விழுந்தவளின் பின்னலைப் பிடித்துத் தூக்கி மறுபடியும் அடித்தாள். "எத்தனை பேரு பாத்தாங்க? சொல்லுடி! எத்தனை பேருக்கு அனுப்புன?" என்று கேட்டுக்கொண்டே அடித்தாள், பதில் சொல்ல இடம் விடவில்லை. ஷாமினியின் காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்கியது. முன்பல் ஒன்று உடைந்து உதட்டைக் கிழித்திருந்தது. பக்கத்துப் பழக்கடைக்காரரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து தனலெட்சுமியின் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்த பிறகுதான் அடி நின்றது.

"எனக்கு வேலை கெடைக்கணும்னு..." என்றாள் ஷாமினி. வாய் நிறைய ரத்தம். வார்த்தை சரியாக வரவில்லை. "முனியாண்டி அப்பாக்கிட்ட வேண்டிக்கிட்டு வச்சேன்க்கா. எங்க பாட்டன் அந்தத் தோட்டம்தான்." அவள் கைப்பேசியைத் தடவி எடுத்துத் திறந்து நீட்டினாள். திரையில் விரிசல். படத்தில் சிவப்பு எழுத்து இல்லை. மேலே மஞ்சள் நிறத்தில் 'முனியாண்டி அப்பா துணை' என்று எழுதி, மூன்று கும்பிடும் கைகள் போட்டிருந்தாள். தேதி இரண்டு மாதத்துக்கு முந்தியது.

"கீழ ஏதோ பேரு இருந்துச்சு. சாமி காலுகிட்ட மனுசங்க பேரு எதுக்குன்னு நான்தான் வெட்டுனேன். தப்பாக்கா?"

தனலெட்சுமியைப் பிடித்திருந்தவர்கள் பிடியைத் தளர்த்தினார்கள். அவள் எங்கும் ஓடவில்லை. ஷாமினியிடமிருந்து அதை எடுத்து எவனோ ஒருவன் சிவப்பு எழுத்துப் போட்டிருக்கிறான். அவன் இந்த ஊரில் எங்கேயோ டீ குடித்துக்கொண்டிருப்பான். பழக்கடைக்காரர் ஷாமினியைத் தன் வேனில் ஏற்றிக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். போகும்போது, "நீ எல்லாம் பொம்பளையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஏச்சென்றால் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுக்கிறவள் கொட்டிக் கிடந்த கவர்களைக் குனிந்து பொறுக்கினாள். சரிந்த சட்டத்தில் நாலைந்தை மாட்டினாள், எல்லாம் மறுபடியும் கீழே விழுந்தன. வெட்கம் என்ன என்று நாற்பத்தாறு வயதில் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

மாலைப் பார்வையாளர் நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சன்னாசியைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். முகத்தில் பாதி கட்டு. மிச்சமிருந்த கண் அவளுடைய சட்டைக் கையில் வந்து நின்றது.

"யாரு ரத்தம்க்கா அது?"

"படத்தை மொதல்ல எடுத்தவளோடது. லோபாக்ல புடிச்சேன்."

"பொம்பளைப் புள்ளையா?"

"ம்."

"எதுக்கு எடுத்தாளாம்?"

தனலெட்சுமி ஜன்னல் பக்கம் பார்த்தாள். பொய் சொல்லத்தான் நினைத்தாள். "கும்புடுறதுக்கு" என்றாள்.

சன்னாசி மூச்சை ஒருமுறை இழுத்து விட்டான். விலா எலும்பு உடைந்தவனுக்கு அதுவே பெரிய வேலை. "இது உனக்கு அடிக்கிறதுக்கு முந்தித் தெரியுமா, அடிச்சப்புறம் தெரிஞ்சுச்சா?"

"அடிச்சப்புறம்."

"என்னை ஆம்புலன்ஸ்ல ஏத்துறப்ப ஒருத்தன் கிட்ட வந்தான்" என்றான் சன்னாசி. தாடை வலியால் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. "'அண்ணே, நீங்க ஸ்கூல் வேன் ஓட்டுறவரா'ன்னு கேட்டான். தலையாட்டுனேன். உக்காந்து அழுதான்க்கா. என் கையை மிதிச்சவன் அவன்தான்."

தனலெட்சுமி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் வராத அழுகை, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறமாதிரி வந்தது. தம்பியாவது ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் கட்டுப் போட்ட கையை மெல்ல நகர்த்தி அவளுடைய மணிக்கட்டின்மேல் வைத்தான். அழுகை ஓய்கிறவரை காத்திருந்தான்.

"அந்தப் பொண்ணுக்கும் உன்னை மாதிரி அக்கா இருக்காளா?" என்று கேட்டான்.

தனலெட்சுமிக்குத் தெரியவில்லை.